மங்கலாக இருக்க வேண்டிய கோடு

கண்ணு,

நாளைக் காலை ரயிலுக்காக நீ எடுத்து வைத்திருக்கும் பையில், துண்டில் சுற்றிய சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கிறதே, அதற்குள் நீ வைத்த பீங்கான் வில்லை இப்போது இல்லை. வேறொன்று இருக்கிறது. பெங்களூரில் அந்தக் கம்பெனிக்காரர்கள் முன்னால் டப்பாவைத் திறந்துவிட்டு நீ திகைத்து நிற்கக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் அப்பாவும் வண்டியில் தீர்த்தமலைக்குப் போயிருக்கிறீர்கள். நல்லபடியாக ஆர்டர் கிடைக்க வேண்டும் என்று அப்பாவின் வேண்டுதல். நீங்கள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி டப்பாவின் மேல் வைத்துவிட நினைக்கிறேன். நேரில் பேசலாம்தான். ஆனால் நேரில் என்றால் நான் கேள்வி கேட்பேன், நீ பதில் சொல்வாய், உன் பதிலில் எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று என் காது தேட ஆரம்பித்துவிடும். அந்தக் காதை எனக்கே இன்று பிடிக்கவில்லை.

என் வேலையே சந்தேகப்படுவது. பீங்கான் வில்லைகள் செய்கிற இடத்தில் சோதனை மேசைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் என்று என்னை எடுத்தார்கள். அன்றிலிருந்து, ஆன்டெனாக்களுக்குள் போகிற அந்த வெள்ளை, பழுப்பு வில்லைகளில் நல்லதை நான் ஒரு நாளும் தேடியதில்லை. கெட்டதைத்தான் தேடுகிறேன். சிவப்பு மையில் நனைத்துத் துடைத்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் மை போய் உட்கார்ந்து அதைக் காட்டிக் கொடுக்கும். மெல்லிய இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல வில்லை கணீரென்று பேசும், உள்ளே பிளவு இருப்பது தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். இதையே வருடக்கணக்காகச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவுடன் கம்பியைக் கீழே வைத்துவிட முடியுமா? பால்காரர், சீட்டுப் பிடிக்கிற அக்கா, உன் கல்லூரி முதல்வர் யாரையும் நான் விட்டுவைக்கவில்லை. அப்பா சொல்வது உனக்கும் மனப்பாடம்: "வூட்ட இன்ஸ்பெக்சன் ரூமு ஆக்கிப்புட்டா உங்கம்மா. மனுசனத் தட்டிப் பாக்கறதுக்கு ஒரு கம்பி கெடைக்காதது ஒன்னுதான் கொற."

நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாய். கணக்குப் பரீட்சை நாள். தெர்மாமீட்டரை உன் வாயில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்பினேன். அது காட்டிய சூட்டில் உயிரோடு ஒரு குழந்தை படுத்திருக்க முடியாது. பக்கத்தில் அப்பாவின் டீ டம்ளர். நான் அந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். "டீ ஆறிப் போச்சும்மா" என்றாய் நீ. நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாய் பார், அதில்தான் மாட்டிக்கொண்டாய். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பள்ளிக்கூடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே கூட்டிப் போனேன். இன்று காலை அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஒரு வகைப் பவுடரில் செய்த வில்லை, தனக்குள் வருகிற அலையை நன்றாகத் தாமதப்படுத்தும்; அதனால் ஆன்டெனாவை உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக்கலாம். இன்னொரு வகை அவ்வளவு தாமதப்படுத்தாது; அலையைத் தாராளமாக வெளியே விடும். இரண்டையும் ஒரே வில்லையில் சேர்த்தால் ஆன்டெனா சின்னதாகவும் இருக்கும், நன்றாகவும் பேசும். அழுத்தி ஒட்டவைத்துச் சூளைக்குள் அனுப்புவது வரைக்கும் சுலபம். சூளைக்குள்தான் இரண்டும் தத்தம் குணத்தைக் காட்டும். ஒன்று சீக்கிரமே சுருங்க ஆரம்பிக்கும், மற்றது நிதானமாக. ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாக. வெளியே எடுத்தால் அப்பளம் போல வளைந்திருக்கும், இல்லையென்றால் சேர்ந்த இடத்திலேயே பிளந்திருக்கும். எங்கள் இடத்தில் இதைச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள். நீதான், நடுவில் இரண்டு பவுடரையும் கலந்து மெல்லிய ஓர் அடுக்கு கொடுத்தால் சண்டை குறையும் என்றாய். யோசனை நல்ல யோசனை. நான் அதைச் சந்தேகப்படவில்லை. நான் சந்தேகப்படாத விஷயங்கள் குறைவு என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்.

ஓசூர் வேலையை விட்டுவிட்டு, கல்லூரித் தோழன் ஜெரோமோடு சேர்ந்து, பென்னாகரம் ரோட்டில் புளி மூட்டை அடுக்கியிருந்த அந்தக் கொட்டகையை நீ பிடித்தபோது நான் சந்தேகப்பட்டது ஜெரோமைத்தான். காரணம் கேட்டால் சிரிப்பாய். அவன் வார்த்தைக்கு வார்த்தை "அம்மா" என்கிறான். நம் வீட்டில் சாப்பிட்டால் தட்டைக் கழுவி வைக்கிறான். பெற்ற பிள்ளையே கழுவாத தட்டை ஊரான் பிள்ளை ஏன் கழுவ வேண்டும்? அவன் கிட்டப்பார்வைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவதால் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான் என்று முடிவு கட்டினேன். அப்பாவிடம், "அந்தப் பையன் ரொம்ப நல்லவனா இருக்கறானுங்க, எனக்குப் புடிக்கல" என்றேன். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "கெட்டவனா இருந்தா ஒத்துக்குவியா?" என்று கேட்டார்.

பிறகு வாரக்கணக்கில் வெறும் பிளவுதான். மின்சாரம் போனால் சூளை பாதியில் ஆறிவிடும். மின்சாரம் இருந்தால் வோல்டேஜ் ஆடும். நம் போர்வெல் தண்ணீரின் உப்புக்குப் பயந்து, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை வாங்கிப் பவுடரைப் பிசைந்தீர்கள். ஒவ்வொரு முறையும் நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் நடையை வைத்தே பிளந்ததா, வளைந்ததா என்று எனக்குத் தெரியும். உன் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பெங்களூர்க்காரர்கள் சாம்பிள் கேட்டுத் தேதியும் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் நீ ஓடி வந்தாய். "ம்மா, கண்ண மூடு, கைய நீட்டு" என்று என் உள்ளங்கையில் வைத்தாய். தட்டையாக, வழவழப்பாக, பாதி வெள்ளை, பாதி பழுப்பு. "பாத்தியா, ஒரு கிராக்கு இல்ல! தட்டிப் பாரேன், தட்டிப் பாரேன்." நான் தட்டவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அப்புறம் அவர் பைப்பு ஒழுகுகிறது என்று தோட்டத்துப் பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து கத்தினார்: "எவன்டா இந்த ரெண்டு பசை ட்யூபுக்கும் மூடிய மாத்திப் போட்டது? ரெண்டும் கல்லாட்டம் இறுகிப் போச்சு!" நீ குளிக்கப் போய்விட்டாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என் வேலை அப்போதே முடிந்திருக்கும்.

எனக்கு உறுத்தியது கோடு. வெள்ளையும் பழுப்பும் சேர்கிற கோடு. சூளையில் ஒன்றாக வெந்த இரண்டு பவுடர்களுக்கு நடுவே அவ்வளவு தெளிவான கோடு இருக்காது. அந்தச் சூட்டில் ஒன்றின் நிறம் மற்றதற்குள் கொஞ்சம் இறங்கும்; விளிம்பு மங்கும். அதிலும் நீ நடுவில் கலவை அடுக்கு வேறு கொடுத்திருந்தாய். ஆனால் உன் வில்லையில் கோடு பிளேடால் கீறியது போல இருந்தது. இரண்டையும் தனித்தனியாகச் சுட்டு, தேய்த்து, பிறகு ஒட்டியிருந்தால்தான் அப்படி வரும். அந்த நொடியே ஜெரோம் முகம் என் முன்னால் வந்தது. உன்னை ஏமாற்றிவிட்டான் என்று தீர்மானித்துவிட்டேன். எவ்வளவு சுலபமாகத் தீர்மானித்தேன் என்பதை நீ கவனிக்க வேண்டும். சோதனை மேசையில் ஒரு வில்லையைத் தள்ளிவைக்கக்கூட நான் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

இன்று நீங்கள் கிளம்பியதும் பழைய இட்லிப் பானையை எடுத்தேன். தண்ணீர் கொதித்ததும் வில்லையைத் தட்டில் வைத்து மூடினேன். சூளையில் வெந்த பீங்கானுக்கு இட்லி வேகிற சூடு ஒரு பொருட்டே இல்லை. பசைக்கு அது பெரிய சூடு. ஒரு ஈடு இட்லி வேகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே விட்டு, இடுக்கியால் எடுத்துத் துணியில் பிடித்து லேசாகத் திருகினேன். வெந்த வேர்க்கடலைத் தோல் திறக்கிற மாதிரி, சத்தமே இல்லாமல், வெள்ளை ஒரு கையிலும் பழுப்பு ஒரு கையிலும் வந்துவிட்டது. நடுவில் மஞ்சளாய், பிசுபிசுவென்று.

ஜெரோமுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் வந்துட்டுப் போப்பா" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்படியே வந்துவிட்டான். உட்காரச் சொல்லவில்லை. இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தேன்.

"என்னாதுப்பா இது?"

அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தான். நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ ஒன்று உள்ளே இறங்கியது. அந்த ஃபயரிங் முடிந்து சூளையைத் திறந்த அன்று அவன் ஊரில் இல்லை, அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று போயிருந்தான் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, "நான்தானுங்கம்மா ஒட்டுனன்" என்றான்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரி என்று சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பழக்கதோஷம், கேள்வி தானாக வந்துவிட்டது.

"எதப் போட்டு ஒட்டுன?"

"அது... பசைதானுங்கம்மா. வெள்ளையா இருக்குமே, ஒரே ட்யூபுல, அது."

"வெள்ளையா?"

"ஆமாங்க."

துண்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். மஞ்சள். இரண்டு ட்யூபிலிருந்து எடுத்துக் கலக்கிற பசைதான் அப்படி ஆகும். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "மறந்துட்டனுங்கம்மா" என்றான். அப்போதுதான் அப்பா கத்தியது என் காதில் விழுந்தது, ஒரு வாரம் கழித்து. மூடியை மாற்றிப் போடுகிறவன் நம் வீட்டில் ஒருவன்தான். பேனாவுக்கு, தைல பாட்டிலுக்கு, ஊறுகாய் ஜாடிக்கு என்று எல்லாவற்றுக்கும் மாற்றிப் போடுவான். யோசனை எங்கேயோ இருக்கும்போது மாற்றிப் போடுவான். தோட்டத்துச் சாமான் டப்பாவிலிருந்து அந்த ட்யூபுகளை எடுத்து வந்து ஜெரோம் முன்னால் வைத்தேன். சிவப்பு ட்யூபில் கறுப்பு மூடி, கறுப்பு ட்யூபில் சிவப்பு மூடி.

"இப்பச் சொல்லு. யாரு ஒட்டுனது?"

"அவன்ட்ட கேக்காதீங்கம்மா" என்றான். "தேதி குடுத்துட்டாங்கல்ல, பயந்துட்டான். ஆர்டரு கெடச்சா எப்புடியும் சரியாப் பண்ணிருவன்னு நெனச்சிருப்பான். நீங்க வேணும்னா நான்தான்னே வச்சிக்குங்க. என்னியத்தான் உங்களுக்கு ஏற்கனவே புடிக்காதே."

அதை அவன் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன்.

கண்ணு, நீ ஏன் செய்தாய் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. ஜெரோம் சொன்னதுதான் காரணமாக இருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். கொஞ்ச நாள் கடன் வாங்குவது மாதிரி ஒரு வெற்றியைக் கடன் வாங்கியிருப்பாய். ஆனால் அந்த வில்லை எங்கே போகப்போகிறது என்று நீதான் எனக்குச் சொன்னாய். யானையின் கழுத்துப்பட்டையில் வைக்கிற பெட்டிக்குள். காட்டை விட்டு யானை இறங்கினால் ஊர்க்காரர்களின் போனுக்குத் தகவல் வரும் என்றாய். யானை நாளெல்லாம் வெயிலில் நிற்கும், அப்படியே போய்க் காவிரியில் இறங்கும். சூடு, குளிர், சூடு, குளிர். என் இட்லிப் பானை செய்ததை அந்த வெயிலும் ஆறும் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். வில்லைக்குள் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், ஆன்டெனா பேசுகிற அலை மாறிப்போகும், பெட்டி ஊமையாகிவிடும். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் உன் சித்தப்பா கேழ்வரகுக் காவலுக்குப் போகிறவர். போனில் ஒன்றும் வரவில்லை, அப்படியானால் யானை இல்லை என்று நம்பி வரப்பில் நடப்பார். என்னைப் போல எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை அவர்.

இதை நீ யோசிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. யோசித்திருப்பாய். யோசித்துவிட்டுத்தான் குளிக்கப் போயிருப்பாய்.

ஜெரோம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்: "இன்னொன்னு இருக்குதுங்கம்மா. அதுக்கு முந்தின ஃபயரிங்கில வந்தது. நடுவுல கரண்டு போயி வளைஞ்சிருச்சு. ஓரத்துல ஒரு கிராக்கு வேற. தூக்கிப் போட்ருன்னான். எனக்கு மனசு வரல, கொட்டகையில பேப்பரு பறக்காம இருக்க மேல வச்சிருக்கறன்."

"கோடு எப்புடி இருக்குது?"

"எந்தக் கோடுங்க?"

"ரெண்டும் சேர்ற கோடு."

யோசித்தான். "தெளிவாத் தெரியாதுங்கம்மா. கொழம்புன மாதிரி இருக்கும். அதான் அசிங்கமா இருக்குதுன்னு..."

"போயி எடுத்துட்டு வா."

போய் எடுத்துவந்தான். உண்மையாகவே அசிங்கமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கவிழ்த்த தேங்காய்ச் சில்லு போல. விளிம்பில் மை தடவாமலே தெரிகிற விரிசல். ஆனால் நடுவில், வெள்ளை எங்கே முடிகிறது, பழுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தன. விளிம்பு விரிசல் அந்த இடம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, அதைத் தாண்டவில்லை. நான் அதையும் சந்தேகப்பட்டேன். கொதிக்கிற பானையில் போட்டு, எடுத்த சூட்டோடு மண்பானைத் தண்ணீரில் போட்டு, மறுபடி கொதியில் போட்டேன். ஜெரோம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். திருகிப் பார்த்தேன். அவனும் பலம்கொண்ட மட்டும் திருகிப் பார்த்தான். பிறகு கம்பி இல்லாததால் கரண்டிக் காம்பால் தட்டினேன். வளைந்த வில்லை, அதனால் சத்தம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஒரே சத்தமாக வந்தது.

"அம்மா" என்றான் ஜெரோம், "அப்புறம் மறந்தாப்புல இதே பானையில எனக்கு இட்லி சுட்டுப் போட்ராதீங்க."

சிரித்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான், நேற்றைய மாவில் சுட்ட தோசை. தட்டைக் கழுவப் போனவனைத் தடுக்கலாமா என்று நினைத்தேன். தடுக்கவில்லை. கழுவட்டும், அது அவன் வழக்கம் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் உள்ளே ஒரு மூலையில், அவன் கண்ணாடியைத் துடைத்தபடியே பேசுவது ஏன் என்ற கேள்வி இருக்கிறது. அது போகாது போலிருக்கிறது. ஆனால் இன்று அவன் சொன்ன ஒரே பொய், கண்ணாடியைத் துடைக்காமல் என் முன்னால் நேராக நின்று சொன்ன பொய், அது உனக்காகச் சொன்னது.

வளைந்த வில்லைதான் இப்போது டப்பாவில் இருக்கிறது. விரிசல் உள்ள பக்கத்தை மேலே வைத்திருக்கிறேன், அவர்கள் அதை முதலில் பார்க்கட்டும். இங்கே கரண்ட் போனது, அதனால் வளைந்தது, சேர்ந்த இடம் மட்டும் பிரியவில்லை என்று சொல். அவர்கள் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் வெறுங்கையோடு வா. கொட்டகை இருக்கிறது, சூளை இருக்கிறது, ஜெரோம் இருக்கிறான். பிரிந்த துண்டுகள் இரண்டும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதையே ஒட்டி எடுத்துப் போவதானாலும் நான் ஒளித்துவைக்கவில்லை. பசைதான் இறுகிவிட்டது, புதிது வாங்க வேண்டியிருக்கும். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்வதானால் நீ சொல்.

உன்னை நான் இனி எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு பொருளை என் கையில் வைத்தால் இனிமேல் நான் தட்டிப் பார்ப்பேன். அது உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கும். இப்போதைக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் அதே உரிமை உண்டு. இந்த வளைந்த வில்லை தாங்கியது என்று சொல்வது நான். உன்னை அனுப்பிவைக்கிற அவசரத்தில், உன்மேல் இருக்கிற ஆசையில், சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். என் பேச்சை நம்பி அதை எடுத்துக்கொண்டு போகாதே. பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்திருக்கிறேன். பற்றவைத்து, நீயே போட்டுப் பார்.

அம்மா